கெம்பையன் கச்சேரிக்குப் போயிருக்கிறான்

மாதேஸ்வரன் துணை

மண்டி மொஹல்லா, மைசூர்
20-4-1995

ஏழு கடல் தாண்டி லாஸ் ஏஞ்சலஸ் பட்டணத்தில் கொடி நாட்டியிருக்கும் என் அக்கா மகள் ஜோதிமணிக்கு, மைசூர் ராஜ்ஜியத்தின் ஒலி ஒளி மந்திரியும், கரியப்பன் சவுண்ட் சர்வீஸின் ஏகச் சக்கரவர்த்தியுமான உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. நான் சுகம். உன் அத்தை லிங்கம்மா என்னைவிடச் சுகம். கோபப்படும் வேலை முழுவதையும் அவளே பார்த்துக்கொள்வதால் என் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. ஹனூரில் உன் அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. உன் உடம்பு எப்படி, அம்மிணி?

போன வாரம் நம் சந்தில் மாரியம்மன் பண்டிகை. சேலம், தர்மபுரி, மேட்டூர்ப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்து, பாதி மைசூரைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தாங்கள் மட்டும் தகரக் கூரைக்குள் குடியிருக்கும் நம் சனம் இருக்கிறதே, அவர்கள் பண்டிகை. நான் போட்ட சீரியல் லைட்டைக் கண்டு அரண்மனை விளக்குகள் வெட்கத்தில் ஒரு வாரம் எரியவில்லை. கடைசி நாள் வழக்கம்போல நம் ஊமைப் படம். நஞ்சன்கூடு டெண்ட் கொட்டாய் மூடியபோது பதினாறு ஜமீன்தார்களோடு ஏலத்தில் மோதி நான் வென்று வந்த அதே கை மெஷின், அதே ஒரே ரீல். திரை, பசவராஜின் மரக்கிடங்குச் சுவர். நல்ல மனுஷன், வருஷா வருஷம் எனக்காகச் சுண்ணாம்பு அடித்துத் தருகிறான்.

வண்டிகள் வரிசையாக வந்தன. தொப்பிக்காரர்கள் சுட்டார்கள். தலையில் இறகு வைத்த சனங்கள் குதிரையோடு ஆற்றில் பாய்ந்து ஒவ்வொருவராக விழுந்தார்கள். நான் மைக்கைப் பிடித்து, 'இது நம் மாதேஸ்வரன் மலைப் பாலாறு. இவர்கள் நம் ஹனூர்க் காட்டுச் சனம். அந்த வண்டிக்காரர்கள் வழி கேட்காமல் வந்துவிட்டார்கள்' என்று முழங்கினேன். சாமுண்டி மலையில் படியேறிக்கொண்டிருந்தவர்கள் நின்று கேட்டுவிட்டு மேலே போனார்களாம்.

படம் முடிந்தது. ஒருவரும் எழவில்லை. அது சந்தின் சட்டமாயிற்றே. 'பொணத்தையெல்லாம் தண்ணியில போட்டுப்போட்டு எப்படிங்ண்ணா ஊட்டுக்குப் போயி சோறு திங்கறது?' என்று முதல் வருஷமே கேட்டுவிட்டார்கள். அன்று முதல் கைப்பிடியைத் திருப்பிச் சுற்றுவது என் கடமை. சுற்றினேன். புகை துப்பாக்கி வாய்க்குள் நுழைந்து படுத்துக்கொண்டது. தூசி குளம்புக்குள் திரும்பிப் போயிற்று. சிதறிய தண்ணீர் துளித்துளியாகக் கூடி, தாய் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைப்பதுபோல், விழுந்தவனைத் தூக்கிக் குதிரைமேல் வைத்தது. வண்டிக்காரர்கள் எங்களைப் பார்த்தபடியே வந்த வழியில் பின்வாங்கி, மலைக்கு அப்பால் கரைந்து போனார்கள். கடைசியில் வெறும் புல். காற்று. அப்புறம்தான் எல்லோரும் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

கெம்பையன் மட்டும் இந்த வருஷமும் திரையில் வரவில்லை. நான் பேர் வைத்த வெள்ளைக்கால் குதிரைக்காரன், விழும்போது நேராக நம்மைப் பார்ப்பானே, அவன். 'கெம்பையன் வெளியூர்க் கச்சேரிக்குப் போயிருக்கிறான்' என்று மைக்கில் அறிவித்தேன். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

சளி பிடித்தால் மிளகு ரசம் வை. மிளகு இல்லாவிட்டால் சொல், ஒரு கப்பல் அனுப்புகிறேன்.

உன் மாமன்,
கரியப்பன்


லாஸ் ஏஞ்சலஸ்
14-5-1995

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் ஜோதியின் நமஸ்காரம். நான் நலம். மிளகு இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. ரசம் வைத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. கன்னடப் பள்ளியில் படித்தவளின் தமிழ் இது, அத்தை சிரிக்கக்கூடாது.

மாமா, உங்கள் கடிதத்தை வாசலில் நின்றபடியே திரும்பத் திரும்பப் படித்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் வேலை பார்க்கும் காப்பகத்தில், சினிமா பேசத் தொடங்குவதற்கு முந்திய படங்கள் இருக்கின்றன. குதிரைப் படங்கள் என் பொறுப்பு. அவற்றில் யார் வருகிறார்கள், யார் வரவே இல்லை என்று பார்த்து எழுத வேண்டும். பழங்குடித் தலைவராக வருபவர் முகத்தில் சாயம் பூசிய வெள்ளைக்காரர். அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். நிஜமான பழங்குடியினரான லகோட்டா மக்களை ரயிலில் கூட்டி வந்தார்கள். அவர்களுக்கு விழுவதுதான் வேலை. காலையில் ஒரு சண்டையில் விழுந்தவரே மாலையில் வேறு இறகு செருகிக்கொண்டு இன்னொரு சண்டையில் விழுவார். பெயர் கிடையாது. உண்மையில் மாடு ஓட்டிய குதிரைக்காரர்களில் எத்தனையோ பேர் கறுப்பர்கள். இந்தப் படங்களில் அவர்களை விளக்கு வைத்துத் தேட வேண்டும். தங்களுக்கென்று தனியாகத்தான் படம் எடுத்துக்கொண்டார்கள். மெக்ஸிகோக்காரர் வந்தால் கையில் கத்தி. சீனர் வந்தால் கையில் கரண்டி.

அப்படி ஒரு படத்தின் முதல் ரீலும் மூன்றாம் ரீலும் எங்களிடம் இருக்கின்றன. சாயம் பூசிய தலைவர், வண்டிகள், வெள்ளைக்கால் குதிரை. நடுவில் வரும் ஆற்றுச் சண்டை உலகத்தில் எங்குமே இல்லை என்று நினைத்திருந்தோம். மாமா, அது பசவராஜ் அண்ணன் சுவரில் வருஷா வருஷம் ஓடுகிறது என்று நினைக்கிறேன்.

இங்கே எஸ்தர் என்று ஒரு லகோட்டா அம்மாள் வருவார். எண்பது வயது. அந்த வெள்ளைக்கால் குதிரைக்காரர் அவருடைய அப்பா. எஸ்தர் தொட்டிலில் இருந்தபோதே அவர் இறந்துவிட்டார். ஒரு போட்டோகூட இல்லை. எங்கள் ரீல்களில் அவர் முதுகுதான் தெரிகிறது. 'விழும்போது நம்மைப் பார்ப்பார்' என்று நான் சொன்னதும் எஸ்தர் என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. நேராகப் பார்த்தால் நடுவில் புகை. ஓரக்கண்ணில்தான் கொஞ்சம் தெரிகிறது. அடுத்த வருஷம் அதுவும் இருக்காதாம்.

ரீலை அனுப்புவீர்களா மாமா? பிரதி எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவோம். அது வீடுகளில் காட்டுவதற்காகச் செய்த, தீப்பிடிக்காத ரகம், தபாலில் வரலாம்.

அத்தையின் முழங்கையில் இருந்த வலி குறைந்ததா?

அன்புடன்,
ஜோதி


மண்டி மொஹல்லா, மைசூர்
25-6-1995

சினிமா உலகின் முதுகுகளை ஆராய்ந்து முகங்களைத் தேடும் மகாபண்டிதை ஜோதிமணிக்கு, மாமனின் ஆசிகள். இங்கே எல்லோரும் க்ஷேமம். அத்தையின் முழங்கை குணமாகிவிட்டது. கரண்டி வீச்சில் முன்னைப் போலவே குறி தவறுவதில்லை.

தலைவன் சாயக்காரன் என்பதை இந்தச் சந்து எப்போதோ கண்டுபிடித்துவிட்டது அம்மிணி! ஆற்றில் இறங்கியதும் கன்னத்தில் கோடு கோடாக வழிகிறதே. 'சாயப்பட்டறை மேனேஜர்' என்றுதான் அவனுக்கு நான் பேர் வைத்திருக்கிறேன். அந்தச் சீனக் கரண்டிக்காரர், என் மைக் கணக்கில் கொள்ளேகாலத்துப் பட்டு வியாபாரி. சமையல் அவருக்குப் பொழுதுபோக்கு. பெண்கள் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: 'அந்த ஊருல பொம்பளையாளு ஆரும் இல்லீங்களாண்ணா? சோறு ஆரு ஆக்கறது?' அதை மட்டும் உன் காப்பகத்தில் விசாரித்து எழுது.

ரீல் விஷயம். அனுப்ப எனக்கென்ன? ஆனால் பார், குடகில் மழை பிடித்துவிட்டது. காவிரி பொங்கினால் தபால்காரர் நீந்தித்தான் வர வேண்டும். அடுத்தது ஆடி, ஆடியில் ரீலைக் கடல் கடக்க விட்டால் குதிரைகளுக்கு ஆகாது என்று ஜோசியர் சொல்கிறார். பசவராஜின் சுவரும் கோபித்துக்கொள்ளும். பார்க்கலாம்.

அந்த எஸ்தர் அம்மாளுக்கு அப்பாவின் முகம் கொஞ்சம்கூட ஞாபகமில்லையா?

உன் மாமன்,
கரியப்பன்


லாஸ் ஏஞ்சலஸ்
22-7-1995

அன்புள்ள மாமா, நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல்.

இல்லை மாமா. கொஞ்சம்கூட ஞாபகமில்லை. 'முதுகு எனக்குப் பழகிவிட்டது. கூட்டத்தில் எங்கே பார்த்தாலும் என் அப்பாவின் முதுகை அடையாளம் சொல்வேன்' என்கிறார்.

நீங்கள் திருப்பிச் சுற்றுவதை அவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு, 'பிணத்தை விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்களா? உண்மையாகவா?' என்று கேட்டார். சந்தின் சட்டம் என்றேன். 'நல்ல சட்டம்' என்றார்.

ஆடி முடிந்ததும் அனுப்பிவிடுங்கள். போன வாரம் மேஜைமேல் இருந்த காபிக் கோப்பையை அவர் கை தேடிக்கொண்டிருந்தது. பார்க்கப் பொறுக்கவில்லை.

அன்புடன்,
ஜோதி


(தபால் அட்டை)
மைசூர், 19-9-1995

சௌ. ஜோதிமணிக்கு ஆசிகள். சுகம். தசராவுக்கு யானைகள் வந்து இறங்கிவிட்டன. மைக் செட் மொத்தமும் என் தலையில். என் குரல் இல்லாமல் அம்பாரியே நகராது என்று யானைப்பாகன் கண்ணீர் விடுகிறான். ரீலுக்கு ஸ்வல்ப ரிப்பேர். அப்புறம் விவரமாக எழுதுகிறேன். மாமன்.


லாஸ் ஏஞ்சலஸ்
15-10-1995

அன்புள்ள மாமா, நலம்தானே?

கொடுக்க விருப்பமில்லை என்றால் நேராகச் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன். எஸ்தர் அம்மாளிடம் வாரா வாரம் 'வருகிறது, வருகிறது' என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அத்தைக்கு என் அன்பு.

ஜோதி


மைசூர்
12-11-1995

கண்ணு ஜோதிக்கு அத்தை லிங்கம்மா எழுதறது. நான் நல்லாருக்கறன். நீ ஒடம்பைப் பாத்துக்க. நான் எழுதறது உங்க மாமனுக்குத் தெரியாது. அவர் அரண்மனைப் பக்கம் பல்பு கழட்டப் போயிருக்காரு.

அவர்மேல கோவிச்சுக்காத. உன் கடுதாசி வந்ததுல இருந்து சரியாச் சாப்பிடறதில்ல. கரண்டிய எடுத்துக் காமிச்சாக்கூடச் சிரிக்கறதில்ல.

நீ அமெரிக்கா போன வருசம், தொண்ணூத்தியொண்ணு டிசம்பர்ல, காவிரித் தண்ணிக் கலாட்டா ஆச்சில்ல? தூரத்துல இருக்கற புள்ளயப் பயமுறுத்த வேண்டாம்னு உனக்கு ஒண்ணும் எழுதல. தமிழாளுங்கள அடிக்கறாங்கன்னு சந்துல இருந்த அத்தனை சனமும் மூட்ட கட்டிட்டாங்க. பசவராஜண்ணன் தன்னோட மரம் ஏத்தற லாரியில ஏத்தி, தானே ஓட்டிட்டுப் போயி, எல்லையில பாலாத்துச் சோதனைச் சாவடி தாண்டி விட்டுட்டு வந்தாரு. வண்டி கெளம்பறப்ப உங்க மாமன் என்ன பண்ணுனாருன்னு நெனைக்கற? ரீலைத் தூக்கிட்டு வந்தாரு. கத்திரிக்கோலெடுத்து, ஊட்டுக்கு ஒரு துண்டா, கை நீளத்துக்கு வெட்டி வெட்டிக் குடுத்தாரு. 'தொலைச்சுப்போடாதீங்க. திரும்பி வர்றப்பக் கொண்டாந்து குடுங்க. ஒரு துண்டு கொறைஞ்சாலும் பண்டிகைக்குப் படம் ஓடாது'ன்னு மைக்குல பேசற மாதிரியே பேசுனாரு. அழுதுட்டிருந்த சனம் சிரிச்சிட்டுப் போச்சு.

தை, மாசியில ஒவ்வொருத்தரா வந்தாங்க. வந்தவங்க மொதல்ல தன்னோட ஊட்டுக்குப் போகல. நம்ம கடைக்கு வந்து துண்டைக் குடுத்தாங்க. அவரு ஒட்டுனாரு. எல்லாரும் வந்தாச்சு, பழனிமுத்து மட்டும் வரல. சாரம் கட்டற பழனிமுத்து, ஞாபகமிருக்கா? அவன்கிட்ட இருக்கறதுதான் கெம்பையன் உழுகற துண்டு.

'ஒரு கடுதாசி போட்டுக் கேளுங்களேன்'னு எத்தனையோ தடவ சொல்லிப்போட்டன். 'துண்டைத் திருப்பிக் கேட்டா, இனிமே வர வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆயிருமடி'ங்கறாரு. நான் அதுக்குமேல என்ன சொல்லட்டும்?

நான் எழுதுனதச் சொல்லிறாத.

அத்தை


லாஸ் ஏஞ்சலஸ்
6-12-1995

அன்புள்ள மாமா, நலம். மைசூரில் குளிர் ஆரம்பித்திருக்கும். மப்ளர் இல்லாமல் ஏணியில் ஏறாதீர்கள்.

ரீலை அனுப்ப வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும். நான் அவசரப்பட்டு எழுதியதை மறந்துவிடுங்கள்.

ஒன்று மட்டும். கெம்பையன் கச்சேரிக்குப் போயிருப்பதாக எழுதியிருந்தீர்கள். கச்சேரிக்குப் போனவரைப் பார்க்கப் போவதும், திரும்பக் கூப்பிடுவதும் வேறு வேறுதானே? எப்படி இருக்கிறார் என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே. அப்படிப் போனால், இங்கே ஒரு மகள் காத்திருக்கிறாள் என்று மட்டும் அவர் காதில் போடுங்கள். அவர் வராவிட்டாலும் பரவாயில்லை.

அத்தைக்கு என் நமஸ்காரம், கூடுதலாக.

ஜோதி


மண்டி மொஹல்லா, மைசூர்
4-2-1996

ஜோதிமணிக்கு மாமனின் ஆசிகள். சுகம். உன் அத்தைக்கு நீ 'கூடுதலாக' நமஸ்காரம் சொன்ன காரணத்தை அவள் முகம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மைசூர் உளவுத் துறைக்கு அவளைத் தலைவியாக்க நான் சிபாரிசு செய்யப்போகிறேன்.

போய்விட்டு வந்தேன். விஸ்தாரமாகச் சொல்கிறேன், கேள்.

கொள்ளேகாலம் பஸ்ஸில் எனக்குக் கிடைத்த இடம், ஒரு பலாப்பழத்துக்கும் ஒரு மாமியாருக்கும் நடுவில். எது அதிகம் குத்தியது என்று இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. ஹனூரில் உன் அம்மா கட்டிக் கொடுத்த களி உருண்டை பீரங்கிக் குண்டளவு. அதைச் சாப்பிட்டதால் பஸ் மலையேறத் திணறியது. மாதேஸ்வரனுக்கு ஒரு கும்பிடு. அங்கிருந்து காடு. மூங்கில் எல்லாம் வெயிலில் தூங்கிக்கொண்டிருந்தது. பாலாற்றுப் பாலம் வந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தண்ணீர் கணுக்காலளவுதான். இத்தனை வருஷமாக மைக்கில் நான் கரைபுரள விட்ட ஆறு அது. குதிரைகள் பாய்ந்த இடத்தில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது.

மேட்டூரை அடுத்த கொளத்தூர்ப் பக்கம் பழனிமுத்துவின் வீட்டை விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் பழனிமுத்துவின் சம்சாரம் கெம்பம்மா மீன் வலை பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். 'மைக் செட்டண்ணன்! வாங்கண்ணா, வாங்க' என்றாள். 'எங்கே அந்தச் சோம்பேறி? மைசூரில் சாரம் எல்லாம் அவன் வராமல் அந்தரத்தில் நிற்கிறது, கூப்பிடு' என்றேன்.

அவள் கூப்பிடவில்லை. உள்ளே கையைக் காட்டினாள். பழனிமுத்து போட்டோச் சட்டத்துக்குள், மாலை போட்டு இருந்தான். 'ஈரோட்டுல சாரத்துல இருந்து உழுந்துட்டாருங்ண்ணா. போன வருசத்துக்கு முந்துன வருசம். மைசூருக்குச் சொல்லியனுப்ப ஆளில்லீங்.'

ஜோதி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவன் படத்தின் முன் நின்றேன். 

படத்துக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியில் ஒரு துண்டு பிலிம் தொங்கிக்கொண்டிருந்தது. மாலை வெயில் அதன் வழியாக வந்து சுவரில் விழுந்தது. வரிசையாக, நகமளவு நகமளவாக, ஒரு குதிரைக்காரன். நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

'அதுக்குத்தான் வந்தீங்களாண்ணா?'

'உன்னைப் பார்க்க வந்தேன்' என்றேன். அதுவும் நிஜம்தான். பிறகு எஸ்தர் அம்மாளைப் பற்றிச் சொன்னேன். கூட்டாமல், குறைக்காமல்.

'அவிய மகளுங்களா? மொகமே பாத்ததில்லீங்களா?' என்றாள். வலையைக் கீழே வைத்தாள். 'அவிய அங்க எப்படி ஓட்டுவாங்க? உழுகறாப்பலயா, எந்திரிக்கறாப்பலயா?'

'முதலில் விழுவது போல.'

'உழுகறதுக்குன்னா நான் குடுக்க மாட்டனுங்ண்ணா. நான் அதைய எந்திரிக்கறதுக்குத்தான் கட்டி வெச்சிருக்கறன். தெனம் கீழ இருந்து மேலதான் பாப்பன்.' முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். 'திருப்பியும் சுத்தோணும். சத்தியமாச் சுத்துவாங்கன்னா எடுத்துட்டுப் போங்க.'

உன் தலைமேல் அடித்து நானே சத்தியம் செய்தேன். வலித்திருந்தால் மன்னித்துவிடு.

திரும்பும்போது சோதனைச் சாவடியில் காவலர் பையைக் கொட்டினார். துண்டை எடுத்து வெயிலில் பிடித்து, 'விழுகிறானா?' என்று கன்னடத்தில் கேட்டார். 'இல்லை சார், எழுகிறான்' என்றேன். தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று கொடுத்துவிட்டார்.

ஒட்டிவிட்டேன். நேற்று பசவராஜோடு போய் ரீலைப் பதிவுத் தபாலில் போட்டேன். இதனுடன் இணைந்திருக்கும் ராஜ சாசனம் ஒரே ஒரு வரி: திருப்பியும் சுற்ற வேண்டும்.

மாமன்


லாஸ் ஏஞ்சலஸ்
17-3-1996

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் நமஸ்காரம். ரீல் பத்திரமாக வந்தது. எல்லோரும் நலமா? கெம்பம்மா அக்கா நலமா?

பெரிய மெஷின்காரர் சாசனத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். 'அது முன்னால் மட்டும்தான் ஓடும். திருப்பி ஓட்டுவது எங்கள் வழக்கமில்லை' என்றார். அதனால் நாங்கள் பிலிம் பார்க்கும் சின்ன மேஜைக்குப் போனோம். அதற்குக் கைப்பிடி உண்டு. நானே சுற்றினேன். மைசூர்க்காரி இல்லையா?

எஸ்தர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டார். ஓரக்கண்ணால்தானே தெரியும். யாராவது பார்த்தால் அவர் சுவரைப் பார்ப்பதாக நினைப்பார்கள். வெள்ளைக்கால் குதிரை வந்தது. அவருடைய அப்பா விழுந்தார். விழும்போது எங்களைப் பார்த்தார். எஸ்தர் அசையவில்லை.

பிறகு திருப்பிச் சுற்றினேன். தண்ணீர் திறந்து முதலில் முகம் வந்தது. சின்ன வயசு மாமா! என் வயசுதான் இருக்கும். முகம் எங்களைப் பார்த்தபடியே மேலே வந்தது, தோள் வந்தது, ஆறு அவரைக் குதிரைமேல் வைத்தது, குதிரை பின்னாலேயே போய்ப் புல்லுக்குள் மறைந்தது. எஸ்தர் தன் மொழியில் ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன். 'வீட்டுக்குப் போகிறார்' என்றார். அவருடைய அப்பா படத்தில் விழுவதற்காக ரயிலில் இங்கே வந்தவர், ஊருக்குத் திரும்பவே இல்லை. இந்த ஊரில்தான் புதைத்தார்கள். வெளிச்சம் போகும்வரை சுற்றிக்கொண்டிருந்தேன். என் தோள் இன்னும் வலிக்கிறது.

காப்பக அட்டையில் இதுவரை 'பெயர் தெரியாதவர்' என்றுதான் இருந்தது. இப்போது சாமுவேல் என்று எழுதியிருக்கிறோம். அவருடைய லகோட்டாப் பெயரை எஸ்தர் என்னிடம் சொன்னார். எழுத வேண்டாம் என்றார். ஆனால் இன்னொன்றை எழுதியே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தார். அதனால் அட்டையில் இருக்கிறது: 'மைசூரில் கெம்பையன் என்று அறியப்படுபவர்.'

உங்கள் ரீலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், ஒட்டு எதுவும் பிரியாமல். கூடவே ஒரு சின்ன உறை. அதே காட்சியின் புதுப் பிரதி, அதே கை நீளம். கெம்பம்மா அக்காவின் ஜன்னலுக்கு, எஸ்தர் அனுப்பியது. 'வெயில் வரும் பக்கமாகக் கட்டச் சொல்' என்றார்.

அன்புடன்,
ஜோதி


மண்டி மொஹல்லா, மைசூர்
28-4-1996

ஜோதிக்கு,

சுகம். உன் சுகமும், எஸ்தர் அம்மாளின் சுகமும் எழுது.

உறையைப் பசவராஜ் தானே கொண்டுபோய்க் கெம்பம்மாவிடம் கொடுத்தான். பண்டிகைக்கு வரச் சொன்னானாம். 

நேற்று கடைசி நாள். பொழுது சாயும் நேரம், மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். கெம்பம்மா ஒரு மூட்டையோடு வந்து நின்றாள். கையை நீட்டினாள். அந்தப் புதுத் துண்டு.

'இது உன் ஜன்னலுக்கு வந்ததம்மா. ரீல் முழுசாகத்தான் இருக்கிறது' என்றேன்.

'திரும்பி வந்தாக் குடுக்கோணும்னு நீங்கதானுங்கண்ணா சொன்னீங்க' என்றாள்.

நான் அதை வாங்கி, கெம்பையன் விழும் இடத்திலேயே, அவனுக்கு அடுத்து ஒட்டினேன்.

படம் ஓடியது. கெம்பையன் விழுந்தான். உடனே மறுபடியும் குதிரை வந்தது, மறுபடியும் விழுந்தான். சந்தில் ஒரே சலசலப்பு. 'ஏனுங்ண்ணா, ரெண்டு தடவ உழுகறாரு? ரெண்டாவது ஆருங்?' என்று யாரோ கேட்டார்கள். மைக் என் கையில்தான் இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

'ரெண்டாவது எங்க ஊட்டுக்காரரு' என்றாள் கெம்பம்மா.

 பழனிமுத்துவை எல்லோருக்கும் தெரியும். உன் அத்தை போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பிடியைத் திருப்பினேன்.

திருப்பிச் சுற்றும்போது கடைசியில் விழுந்தவர்தான் முதலில் எழுவார். பழனிமுத்து எழுந்தார். அவருக்குப் பின்னால் கெம்பையன்.

மாமன்